அத்தான் மேடாக்கிய நிலம்

சாங்வியில் அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் அத்தானின் ரப்பர் பூட்ஸ் நின்றிருக்கும். முழங்கால் வரை உயரம். அத்தான் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஆற்றங்கரையில் கோரையும் கொக்குமாகக் கிடந்த சதுப்பில், இடித்த கட்டடங்களின் கல்லையும் செங்கல்லையும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்குவதுதான் அவர் வேலை. அங்கே எருமை மேய்க்க வந்த கிழவர், மழைக்காலத்தில் வெள்ளம் கரைமேல் நின்ற வேப்பமரம் வரை ஏறும் என்று மராத்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அதெல்லாம் அந்தக் காலம் என்று அத்தான் சிரித்துவிட்டார்.

மேட்டில் கட்டடம் எழுந்தது. வாங்க வந்தவர்கள் ஆற்றைப் பார்த்துத் தயங்கினார்கள். அவர்களை நம்பவைக்க அத்தான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தரைத்தளத்து வீட்டைத் தானே வாங்கிக் குடியேறினார். சூப்பர்வைசரே கீழே இருக்கிறாரே என்று மற்ற வீடுகள் மளமளவென்று விற்றுப்போயின.

பிறகென்ன, அணையில் தண்ணீரை அதிகமாகத் திறந்துவிடும் வருஷமெல்லாம் ஆறு வீட்டுக்குள் வந்தது. போனில் செய்தி வந்ததும் எல்லாரும் ஸ்கூட்டர்களை ஔந்த் பாலத்து மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஃபிரிட்ஜ் மேசைமேல் ஏறும். வடிந்தபின் சேற்றை வழிக்க நானும் போவேன். எத்தனை தரம்தான் வழிப்பது, அலுத்துவிட்டது. இதை விற்றுவிட்டு வேறெங்காவது போய்விட வேண்டும், அக்காவுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

சுவரில் சேற்றுக் கறை தெரியாமல் பெயிண்ட் அடித்தோம். பிம்ப்ரியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்த் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நிறைமாசம். கிளம்பும் நேரத்தில், ஆறு உள்ளே வருமா என்று அத்தானிடமே கேட்டாள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வரும்மா. கட்டில் உசரத்துக்கு வரும். வராதுன்னு நான் சொல்லித்தான் இங்க எல்லாரும் வாங்குனாங்க. இனிமே என்னால சொல்ல முடியாது."

டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அன்று அத்தானை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். இந்த யோக்கியம் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அக்கா மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை.

இப்போது அத்தான் இல்லை. வீடும் விற்கவில்லை. இந்த ஆடியிலும் அணை திறப்பதாகச் செய்தி வந்ததும் நான் குடியிருக்கும் ஔந்திலிருந்து ஓடினேன். சாமான்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு இரண்டு பேரும் மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தோம். அக்கா மெல்லக் கேட்டாள்.

"ஏட்டி, அன்னிக்கு நெறமாசமா வந்த அந்தப் புள்ள எங்கயாச்சும் மாடியில வீடு வாங்கியிருப்பாளா?"