பிறகு சேர்த்த வரி

ஊருக்கே யோசனை சொல்கிறவன் என்பதால் அவனுக்கு ‘டிப்ஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள், சர்க்யூட் போர்டைக் கையால் தடவாதீர்கள், காசு கொட்டி மென்பொருள் வாங்காதீர்கள், ஓப்பன் சோர்ஸில் எல்லாம் சும்மா கிடைக்கிறது என்று முகநூல் குழுவில் தினமும் எழுதித் தள்ளுவான். நாலு பேர் பாராட்டிவிட்டால் போதும், தலைகால் புரியாது.

அண்ணியை அந்த வழிக்கு இழுத்துவிட்டதும் அவன்தான். எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன்களை இலவச மென்பொருளில் வரையக் கற்றுக்கொடுத்தான். அவள் அதிலேயே மூழ்கிப்போனாள். பூவும் கொடியும் பறவையுமாக வருஷக்கணக்கில் வரைந்ததெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துபோய்ப் புது டிஸ்க் ஒன்று வாங்கினாள். வேலையில் இருக்கிற கொழுந்தனைத் தொந்தரவு செய்வானேன் என்று, ஒரு டிஸ்கை இன்னொன்றில் அப்படியே நகலெடுக்க அவன் குழுவில் போட்டிருந்த கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்தாள்.

அங்கேதான் வினை. எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்று அந்தக் கட்டளையில் பெயர் சொல்ல வேண்டும். இந்த மேதாவி தன் கம்ப்யூட்டரில் இருந்த பெயர்களையே போட்டு வைத்திருந்தான். அண்ணியின் கம்ப்யூட்டரில் அவை இடம் மாறியிருந்தன. வெறும் டிஸ்க் போய் நிறைந்த டிஸ்கின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு டிசைன்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் போனில் சொன்னதும் அவன் தன் பதிவைத் திறந்து பார்த்தான். பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. பாவி, அப்போது என்ன செய்தான் தெரியுமா? ‘முதலில் உங்கள் டிஸ்கின் பெயரைச் சரிபாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத்தான் அண்ணன் வீட்டுக்குப் போகச் செருப்பையே மாட்டினான்.

அண்ணி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, படித்துப் பார்க்காமல் செய்தால் இப்படித்தான் என்று நேற்றிலிருந்து பாடிய பாட்டையே பாடினான். டிப்ஸ் அந்தப் பழைய டிஸ்கில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டான். ஒன்றும் தேறாது என்று அவனுக்குத் தெரியும். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தாங்கவில்லை.

கடைசியில் அவள் தன் போனை எடுத்து அவன் பதிவைக் காட்டினாள்.

“இவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்க தம்பி. என் கண்ணுல படவே இல்ல பாருங்க. நான் ஒரு மடச்சி.”

அவன் தலையை ஆட்டினால் போதும், கதை முடிந்தது. அவள் ஒருநாளும் சந்தேகப்படப் போவதில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

“அந்த வரி நேத்து இல்ல, அண்ணி. இன்னைக்குக் காலையில கிளம்பறப்பதான் சேர்த்தேன். தப்பு என்னோடது.”

அண்ணி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா?” என்றாள்.

அண்ணன் குழாயை மூடினான்.