அக்கா வழியில் நட்ட லாவெண்டர்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். காரியத்தன்று பந்தலில் பேசிய பெரியவர்கள், "பொறுமையின் வடிவம்" என்றும் "யார் மேலும் வன்மம் வைக்காதவர்" என்றும் அக்காவைப் புகழ்ந்தார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். ஒருவர் மீது அவர் வன்மம் வைத்திருந்தார். கடைசி மூச்சு வரை வைத்திருந்தார். அதை அவருக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படிக்க வேண்டியவரும் படிக்கட்டும்.

ஒரகடத்துக்குத் தெற்கே ஏரிப் பாசனம் உள்ள சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, நடவுக்கும் களையெடுப்புக்கும் அம்மாவுடன் போனார். என்னை மட்டும் பள்ளிக்கு அனுப்பினார். வாசனை என்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே உயிர். வரப்போரத்துத் திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டுதான் வீடு திரும்புவார். மல்லிகை வாங்க வழியில்லாத நாட்களில் மரிக்கொழுந்துக் குச்சியைச் சடையில் செருகிக்கொள்வார். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "உன் புஸ்தகம் மட்டும் எப்பிடி வாசனையா கீது?" என்று கேட்பார்கள். பக்கங்களுக்கு நடுவே அக்கா வெட்டிவேர் வைத்திருப்பார்.

இருங்காட்டுக்கோட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊரில் அவரைக் கட்டிக்கொடுத்தோம். கார் கம்பெனி வந்த புதிது. அந்தக் கம்பெனிக்குப் பாகங்கள் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் மாமா வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். குழந்தை இல்லை என்று யாராவது ஜாடை பேசினால் மட்டும், "எங்களுக்கு இன்னா கொற? நீ உன் வேலயப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

வீட்டுக்குப் பக்கவாட்டில், சாலையிலிருந்து பின்பக்கம் வரை நீண்டு கிடந்த நிலத்தில் இருவரும் சேர்ந்து செடி வைத்தார்கள். துளசி, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து, எலுமிச்சைப்புல், புதினா, இருவாட்சி. கம்பெனியிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது மற்றவர்கள் தைலமும் வர்க்கியும் வாங்கி வர, மாமா ஒரு லாவெண்டர் செடியை வாங்கிவந்தார். பேருந்து குலுங்கினால் மண் உதிருமே என்று, பாலித்தீன் பையோடு அதை ஊட்டியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். "பக்கத்து சீட்டுல ஒக்காந்தவன், புள்ளயத் தூக்கிகினு வர மாதிரி வரியேன்னு கேட்டான்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

குளிர் ஊர்ச் செடி நம் வெயிலில் நிற்குமா? மல்லிகைக்கு ஊற்றுவது போல அக்கா தினமும் தண்ணீர் ஊற்றியதில் அடித்தண்டு கறுத்து அழுகத் தொடங்கியது. அக்கா அழுதுகொண்டே நுனிக் கிளைகளை வெட்டி மணலில் ஊன்றினார். சில வேர் பிடித்தன. உடைந்த செங்கல், ஆற்று மணல், சுவரிலிருந்து சுரண்டிய சுண்ணாம்பு எல்லாம் கலந்து மேடு கட்டி, அதில் நட்டார். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். மழைக்காலத்தில் தகரத்தைச் சாய்த்து மறைப்பு. அந்த மார்கழிப் பனியில் முதன்முதலாக ஊதாக் கதிர் விட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து இலையைக் கசக்கி முகர்ந்து, "இன்னாடி இது, சோப்பு கணக்கா அடிக்குது!" என்றார்கள். மிஷின் எண்ணெய் நாற்றம் போகாத மாமாவின் சட்டைகளை அக்கா அந்த இலை ஊறிய தண்ணீரில் அலசிக் காயப்போடுவார். தலையணை உறைக்குள்ளும் இலை இருக்கும். அந்த வீட்டில் ஒரு மத்தியானம் படுத்து எழுந்தால் உடம்பு வலி போய்விடும், நான் அனுபவித்திருக்கிறேன்.

மாமா ஷிப்ட் முடிந்து வரும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். காரியம் முடிந்ததும், மனம் தேறும் வரை எங்களோடு இருக்கட்டும் என்று அக்காவை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்தச் சமயத்தில்தான் மாமாவின் தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தனார், பொக்லைனைக் கூட்டி வந்தார்.

ஏன் என்று சொல்கிறேன். பாகப்பிரிவினையில் முன்வீடும் பக்கவாட்டு நிலமும் மாமாவுக்கு வந்தன. பின்பக்கத்து மனையும் அதையொட்டிய வயலும் கொழுந்தனாருக்கு. மனைக்கு வழி வயல் பக்கம் இருந்தது. அந்த வயலை அவர் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு விற்றார். அவர்கள் காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டார்கள். தன் வழியைத் தானே விற்றுவிட்ட பிறகு அவர் கண் அக்காவின் தோட்டத்தில் விழுந்தது. பின்மனையில் கம்பெனிப் பெண்களுக்கு வாடகை ரூம் கட்ட வேண்டும். கல்லும் மணலும் போக வேண்டும். அண்ணன் இறந்து, அண்ணி ஊரில் இல்லாத நேரம். கேட்க யார் இருக்கிறார்கள்?

அக்கா திரும்பி வந்தபோது நானும் உடன் இருந்தேன். தோட்டம் இருந்த இடத்தில் டிராக்டர் தடம். செங்கல் மேடுகள் மண்ணோடு மண்ணாக மட்டமாகிக் கிடந்தன. ஓரமாகத் தள்ளியிருந்த குவியலில் வேர் மேலாக லாவெண்டர் புதர்கள் காய்ந்து கிடந்தன. காய்ந்தும் மணத்தன. அக்கா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனார் வந்தார்.

"செடிதான அண்ணி. தொட்டில வெச்சிக்கோங்க. ரூமு ரெடியாவட்டும், உங்களுக்கும் எதுனா பாத்துப் பண்றேன்."

நான்தான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "கத்தாதடி. கட்டட்டும். முழுசா கட்டி முடிக்கட்டும்" என்றார்.

அதைத்தான் ஊரே பொறுமை என்று சொன்னது.

ரூம்கள் வரிசையாக எழுந்தன. அக்கா தினமும் வாசலில் நின்று பார்த்தார். கொத்தனார்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். வெள்ளையடித்து, தென்மாவட்டத்துப் பெண்கள் பெட்டியோடு வந்து குடியேறி, கொழுந்தனார் புது மோட்டார் சைக்கிளும் வாங்கிய பிறகு, அக்கா சர்வேயரை வரவழைத்துத் தம் நிலத்தை அளந்து கல் நட்டார். பிறகு தண்டலத்தில் என் வீட்டுக்கு வந்தார். முன்பு எனக்கு அவர் கொடுத்திருந்த லாவெண்டர் தொட்டி என் மாடியில் இருந்தது. அதிலிருந்து கிளைகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

இந்த முறை தோட்டம் வேறு மாதிரி அமைந்தது. சாலை ஓரத்தில் இருவாட்சியும் பவளமல்லியும். உள்ளே இடுப்பளவு எலுமிச்சைப்புல், வெட்டிவேர்ப் புதர்கள். நடுவில் ஓர் ஆள் மட்டும் நடக்கும் அளவுக்குத் தடம். தடத்தின் இரு கரையிலும் செங்கல் மேடு கட்டி லாவெண்டர். வேலைக்குப் போகும் பெண்களின் துப்பட்டா உரசும்போதெல்லாம் வாசனை கிளம்பும். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, "யக்கா, ஷிப்ட் முடிஞ்சு வாரப்ப இந்தச் செடிய ஒரு தடவ தடவிட்டுப் போனாத்தான் ஒறக்கம் வருது" என்பாள். நடக்கிறவர்களுக்கு அது சொர்க்கம். மோட்டார் சைக்கிள் போகாது. முக்கியமாக, செப்டிக் டேங்க் லாரி போகாது. சாலையில் நிறுத்திக் குழாய் விட்டால் பின்மனை வரை எட்டாது.

அடுத்த மழையில் டேங்க் நிறைந்தது. நாற்றம் தாங்காமல் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அக்காவிடம் நின்றார்கள். அக்கா அவர்களைத் தவிக்கவிடவில்லை. தம் வீட்டுக் குளியலறையையும் கழிப்பறையையும் திறந்துவிட்டார். கொழுந்தனார் வக்கீலிடம் போனார். "வயல் பக்கத்து வழியை நீங்கதானே வித்தீங்க? நடக்கத்தான் வழி விட்டிருக்காங்களே?" என்று வக்கீல் கேட்டாராம். ஆட்களை இறக்கி அள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. "டேங்க்ல எவனையாவது எறக்கினா போலீசுக்குப் போவேன்" என்று அக்கா தெருவில் நின்று சொன்னார்.

கடைசியில் கொழுந்தனார் ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அக்கா லாவெண்டரில் பூத்து முடிந்த கதிர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு வாட்டி லாரிய வுடுங்க. செடிக்கு இன்னா ஆவுதோ நான் குடுத்துடறேன்."

"பொக்லைன் கொண்டாந்தியே, அன்னிக்கி என்னக் கேட்டியா?"

"தப்புதான் அண்ணி."

"தப்புன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"செரி. போய்ட்டு வா."

பெரியவர்களில் ஒருவர், "சொந்தத்துக்குள்ள இவ்ளோ ஆவாதும்மா" என்றார். அக்கா ஒரு கதிரை ஒடித்துக் கொழுந்தனாரின் கையில் வைத்தார். "மோந்து பாரு. உங்க அண்ணன் ஊட்டிலேர்ந்து மடியில வெச்சி எடுத்தாந்தது. இத்த வேரோட புடுங்கிப் போட்டப்ப நான் எங்கம்மா வூட்ல தாலி எடுத்துட்டு ஒக்காந்திருந்தேன். இப்ப சொந்தம்னு சொல்றாரு பாரு, அவுர இட்டுகினு கெளம்பு." கொழுந்தனார் அந்தக் கதிரைக் கீழே போடவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார். பிறகு மூவரும் அந்த ஒற்றைத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். சிலரை அக்கா தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். கடைசி ரூமும் பூட்டப்பட்ட அன்று நான் அங்கே இருந்தேன். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தார். மாமா போன பிறகு அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அம்மா மட்டும், "போதும்டி, வுட்டுடு. பாவம் சேந்துடும்" என்றார். "சேரட்டும்மா. எனக்கு வேற இன்னா சேத்து வெச்சிக்க கீது?" என்றார் அக்கா. எனக்கு அந்தப் பதில் இன்றும் நெஞ்சில் கனக்கிறது. ஆனாலும் அக்கா செய்ததில் எதையும் நான் மாற்ற விரும்ப மாட்டேன்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் அவருக்கு நல்ல ஆண்டுகள். விடுமுறை நாட்களில் பெண்கள் தோட்டத்தில் பாய் விரித்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு லாவெண்டர்க் கிளையைக் கொண்டு போவார்கள்; அது தூத்துக்குடியில் பிழைத்ததா, சிவகாசியில் பிழைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் அக்காவுக்கு அவ்வளவு ஆர்வம்.

பிறகு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சென்னையில் மருத்துவமனையில் இருந்தபோது கொழுந்தனார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அழுதார். உண்மையான அழுகையாகவே இருக்கலாம். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி" என்றார். அடுத்த மூச்சில், "அந்த வழியையும் எனக்கு வுட்டுக் குடுத்துட்டீங்கன்னா..." என்றார். அக்காவுக்குக் குரல் மெலிந்திருந்தது. ஆனால் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "உங்க அண்ணனதான பாக்கப் போறேன். அவுரக் கேக்கறேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சில நாட்களில், அவர் விருப்பப்படி வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, ஒரு காலைப் பொழுதில் அமைதியாக உயிர் பிரிந்தது. தலையணை உறைக்குள் பெண்கள் லாவெண்டர் இலை வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு இரவு பகல் பாராமல், ஷிப்ட் மாற்றிக்கொண்டு பணிவிடை செய்த அந்தப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மருத்துவமனைக்குக் கார் கொடுத்து உதவிய எதிர்வீட்டு அண்ணனுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், நிலத்தை நேர்மையாக அளந்து தந்த சர்வேயருக்கும், தோள் கொடுத்த ஊர்ப் பெருமக்களுக்கும் கைகூப்பி நன்றி கூறுகிறேன்.

இன்னும் ஒன்று. கருமாதி அன்று கொழுந்தனார் என்னைத் தனியே அழைத்து, "அண்ணிதான் போய்ட்டாங்க. நீயாவது நாயமா நடந்துக்கம்மா" என்றார். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அன்று பதில் சொல்லவில்லை. உறவுகள் அனைவரும் அறிய இப்போது சொல்கிறேன். வீட்டையும் பக்கவாட்டு நிலத்தையும் அக்கா என் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார். விற்பதாக இல்லை. மழைக்கு முன் இரு கரையிலும் புதுக் கன்றுகள் நட்டிருக்கிறேன், நன்றாகத் தழைத்திருக்கின்றன. நினைவு நாளுக்கு வருகிறவர்கள் விருப்பம்போல் கிளை ஒடித்துக்கொள்ளலாம். கொழுந்தனாரும் அவசியம் வர வேண்டும். அவர் நடந்து வரலாம்.