எங்கும் போகாத வண்டி

நான் வாங்கி வீடாக மாற்றிக்கொண்டிருக்கும் பழைய பேருந்து, ஓடுவதைவிட நிற்பதில்தான் கெட்டி. நின்றபடியே பேட்டரி ஏறட்டும் என்று, எஞ்சின் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும் குமிழ் ஒன்றை மெக்கானிக் செந்தில் நேற்றுப் பொருத்தினார். நான் வாசலில் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அவர் குமிழை இழுத்ததும் எஞ்சின் இரைந்தது.

அதே இரைச்சல். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் மீனாட்சிபுரத்தில் அம்மாவின் தம்பி ராசு மாமா ஓட்டிய பொள்ளாச்சி வண்டியிலும் இப்படி ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்துவிட்டு அவர் டீக்கடைக்குள் போய்விடுவார். வண்டி கிளம்புகிறதென்று சனமெல்லாம் ஓடிவந்து ஏறும். பின்னால் வரும் வண்டிக்கு ஆள் மிஞ்சாது.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத மாப்ள. வண்டி எங்கயும் போவாது. நீ வராம நான் எடுப்பனா?" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். சந்தைக்குப் போகும் அன்று அவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் எனக்குத்தான் இடம் என்றும் வாக்கு.

அந்தச் சந்தை நாளில் இரைச்சல் கேட்டதும் ஊரே ஓடியது. நான் ஞானிபோல அம்மாவிடம் இன்னொரு தோசை கேட்டேன்.

"ஓடறாங்க பாரும்மா, கிறுக்கனுங்க!"

கை கழுவி வந்தபோது புழுதிதான் இருந்தது. என் இடத்தில் மாமாவின் மகன் உட்கார்ந்து போனானாம். சாயங்காலம் மாமா பொரிகடலையை நீட்டி, "சத்தங் கேக்கலயா மாப்ள?" என்றார். ஊரையே ஏமாற்றிய சத்தத்தில் வண்டியைத் தவறவிட்டவன், ரகசியம் தெரிந்த நான் ஒருவன்தான்.

நேற்று தட்டோடு ஓடிப்போய் ஏறி எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தேன்.

"ஏனுங்ண்ணா, வண்டி எங்கயும் போவாதுங்க" என்றார் செந்தில்.

"எங்க மாமாவும் அப்படித்தானுங்க சொன்னாரு" என்றேன், சட்டையில் சிந்திய சட்னியைத் துடைத்தபடி.