மூடியில் போட்ட கோடு

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் ‘வெல்வெட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், கிருமி வளர்க்கும் தட்டுகளில் கூழ் ஊற்றி வைப்பதும்தான் அவர் வேலை. ஆனால் அவர் பெயர் பெற்றது துணியால்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து சில பாக்டீரியாக்களை ஒன்றும் செய்வதில்லை. மருந்தைப் பார்த்த பிறகா அவை அப்படி மாறின, அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தனவா? இதற்கு விடை சொன்ன பழைய சோதனை ஒன்று உண்டு. பாக்டீரியா பொட்டுப் பொட்டாக வளர்ந்த தட்டை ஒரு வெல்வெட் துணியில் கவிழ்த்து அழுத்த வேண்டும். பிறகு மருந்து கலந்த புதுத் தட்டுகளை வரிசையாக அதே துணியில் அழுத்த வேண்டும். ரப்பர் முத்திரை குத்துவது போலத்தான். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் பொட்டு பிழைத்து வந்தால், அந்தக் குணம் மருந்துக்கு முன்பே தாய்த் தட்டில் இருந்தது என்று பொருள்.

அதை முதலில் செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். பெரிய பரிசு பின்னாளில் கணவனுக்கு மட்டும் போனது. இதை நான் சொன்னபோது அண்ணன் சிரித்தார்.

“துணி எடுக்கக் கடைக்குப் போனது அந்தம்மாவாத்தான் இருக்கும். நம்ம ஜாதகம் அப்படி.”

அவரே கடைக்குப் போய், கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் துணி எடுப்பார். “வீட்ல கல்யாணமா?” என்று கேட்ட கடைக்காரரிடம், “இல்லப்பா, கிருமிக்கு மெத்தை” என்றாராம். சதுரமாக வெட்டி, கழுவி, உதறி, காகிதத்தில் சுற்றி நீராவியில் வேகவைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சிவப்பு நூல் தைத்திருப்பார், எது மேல்பக்கம் என்று தெரிவதற்காக. தட்டிலும் ஒரு கோடு போட்டு, அந்த நூலுக்கு நேராக வைத்துத்தான் அழுத்துவோம்.

என் ஆராய்ச்சிக்கு அந்தச் சோதனைதான் அடித்தளம். ஆறு வாரம் செய்தேன். ஒரு தட்டின் பொட்டு இன்னொரு தட்டோடு ஒத்துப்போகவே இல்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். எனக்குத் துணி கோணல். துணியைச் சரியாக வேகவைக்கவில்லை, பழைய கிருமி அதிலேயே தங்கிவிடுகிறது என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

மறுநாள் அண்ணன் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கோட்டை மூடியில போட்டிருக்கீங்களேம்மா. மூடி சுத்தும். அடித்தட்டுல போட்டுப் பாருங்க.”

“அண்ணே, தட்டை எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க துணியைப் பாருங்க.”

“சரிம்மா.”

அதை அவர் பேராசிரியரிடம் சொல்லவில்லை. அந்த வாரமே அவரைக் கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருஷம் ஆய்வகத்தில் இருந்தவர், மேசைத் துணியை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

புது ஆள் வந்தார். புதுத் துணி வந்தது. பொட்டுகள் அப்போதும் ஒத்துப்போகவில்லை. ஒரு மத்தியானம் தட்டை எடுக்கும்போது, என் விரலுக்கடியில் மூடி வழுக்கிக் கால்வட்டம் திரும்பியது. அதன்மேல் நான் மெழுகுப் பென்சிலால் போட்ட கோடும் கூடவே திரும்பியது. பிறகு கோட்டை அடித்தட்டில் போட்டு மறுபடியும் செய்தேன். மூன்று தட்டிலும் ஏழு பொட்டுகள், அச்சு அசலாக ஒரே இடத்தில்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். “பாத்தியா? ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு.”

“ஆமா சார்” என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் படிக்கட்டில் அண்ணன் எதிரே வந்தார்.

“ஒத்துப்போச்சாம்மா?”

“ஒத்துப்போச்சு அண்ணே.”

“எப்படி?”

“புதுத் துணி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நல்லதும்மா” என்று சொல்லி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம் கீழேயே இருந்தார். என் ஆய்வேட்டில் நன்றி சொன்ன பக்கத்தில் புது ஆள்கூட இருக்கிறார்.

போன வாரம் அண்ணன் இறந்த செய்தி வந்து, அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காக வெல்வெட் சதுரங்கள், மூலையில் சிவப்பு நூல்.

“கீழ போன பிறகும் வெட்டி வச்சுக்கிட்டே இருந்தாரு. மேல கூப்பிட்டா உடனே வேணுமேன்னு.”

அப்போதுதான் சொன்னேன். கோடு, மூடி, ‘ஆமா சார்’, படிக்கட்டு, எல்லாவற்றையும். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“துணி மேல தப்பில்லைன்னு அவருக்குத் தெரியும்மா. அது உங்களுக்குத் தெரியுமான்னுதான் கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியல.”

டப்பாவை மூடினார்.

“எங்க பொண்ணு அடிக்கடி ஒண்ணு கேப்பா. அப்பாவை எதுக்குக் கீழ அனுப்பினாங்கன்னு. அவரு, ‘மாடி ஏற முடியல’ன்னு சொல்லிடுவாரு. அவ நம்பினதில்ல, அழுக்கா வேலை செஞ்சிருப்பார்னுதான் நெனச்சிட்டிருக்கா. எனக்கு உங்க அளவுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க எழுதிக் குடுங்க.”

அந்த மகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். உன் அப்பாவின் துணியில் கிருமி இல்லை அம்மா. ஒரு நாளும் இருந்ததில்லை. கோடு மூடியில் இருந்தது. போட்டவள் நான்.