பென்சில் அக்காவின் நத்தை

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் ‘பென்சில் அக்கா’ என்றுதான் பெயர். செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட் குப்பிக்குள் போடுகிற சீட்டைப் பேனாவால் எழுதினால் மை கரைந்து ஓடிவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். யாராவது மறந்துபோய்ப் பேனாவை எடுத்தால் அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட அவள் செருப்புச் சத்தம் கேட்டால் பேனாவைப் பைக்குள் ஒளிப்பார்கள். வீட்டிலும் உப்பு டப்பா, சர்க்கரை டப்பா எல்லாவற்றிலும் பென்சில் சீட்டுதான். “என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடும்மா” என்று மகள் கிண்டல் செய்வாள்.

இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது என்று அவளும் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டாள். கட்டின புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அன்று காலை எட்டு மணிக்கே பேராசிரியர் வந்து நின்றார். குளம் குட்டைகளில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்களைப் பல நாடுகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆளோ, சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்.

“அந்த நத்தைக் குப்பியை எடும்மா. மூணு மணிக்கு விசாரணை. நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதான்.”

நகரத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கிடங்கு கட்டப் போகிறார்கள். மண் லாரிகள் வந்து நின்றாகிவிட்டது. மிளகு அளவே உள்ள ஒரு நத்தை உலகத்தில் அந்தச் சேற்றில் மட்டும்தான் வாழ்கிறது என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அதற்கு ஒரே சாட்சி அந்தக் குப்பி.

அக்கா அலமாரிப் பக்கமே போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சதுப்பில் எடுத்த நத்தைகளையும் தூரத்து மலை ஓடையில் எடுத்தவற்றையும் இரண்டு குப்பிகளில் போட்டு, பேனாவால் சீட்டு எழுதியவள் அவள்தான். மறுநாள் பார்த்தால் இரண்டு சீட்டும் வெள்ளை வெளேர். எது எந்த ஊர் என்று ஞாபகத்திலிருந்து பென்சிலால் எழுதி, சத்தம் போடாமல் அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த ஞாபகம் தப்பாக இருந்தால், நத்தை மலையில் இருக்கிறது. சதுப்பைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் சதுப்பு பிழைக்கும். ஆனால் கிடங்குக்காரர்களின் வக்கீல் என்றைக்காவது இதைக் கிளறினால், பேராசிரியரின் நாற்பது வருஷ உழைப்பையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவார்.

“சார், அந்தச் சீட்டை நம்பாதீங்க” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் முகம் சிவந்தது. “இதை இப்பவா சொல்றது?”

“இப்பவாவது சொல்றேனே சார்.”

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “சல்லடையை எடு. கிளம்பு” என்றார்.

ஒன்பதரை மணிக்கு இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். அள்ளுவது, அலசுவது, உற்றுப் பார்ப்பது, கொட்டுவது. லாரிக்காரர்கள் மேட்டில் நின்று, “என்னக்கா, தங்கமா தேடறீங்க?” என்று சிரித்தார்கள். அவளுக்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லை. பதினொன்று ஆனது. பன்னிரண்டும் தாண்டியது. இடுப்பு விட்டுப்போனது.

பன்னிரண்டே முக்காலுக்குச் சல்லடை மூலையில் ஒன்று நகர்ந்தது.

பேராசிரியர் லென்ஸை வைத்துப் பார்த்தார். “வாய்க்கால்ல கிடக்கற சாதா நத்தையும் வெளியில இப்படித்தான் இருக்கும். உள்ள திறந்து பாத்தாதான் சொல்ல முடியும்.”

திறப்பது என்றால் கொல்வது. “இன்னொண்ணு கிடைக்கட்டும் சார்” என்று கெஞ்சினாள். ஒன்றரை மணிவரை கெஞ்சலும் சல்லடையுமாகப் போனது. வேறு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

“நேரமில்லம்மா.”

எத்தனையோ ஆயிரம் உயிர்களை ஸ்பிரிட்டில் போட்ட கை அது. இந்த ஒன்று கொம்பை நீட்டிக்கொண்டு அவள் கட்டைவிரல் நகத்தின்மேல் ஊர்ந்தபோது கை வரவில்லை. அழுதாள். யார் பார்த்தால் என்ன? அழுதுகொண்டேதான் குப்பியைத் திறந்தாள். சீட்டில் இடம், தேதி எழுதினாள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். பென்சிலால்தான்.

அருங்காட்சியகத்துக்கு ஓடி வந்து, பேராசிரியர் இருபது நிமிஷம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்தார். “அதேதான். உன் ஞாபகம் தப்பலம்மா.”

பத்தொன்பது வருஷப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

விசாரணையில் பழைய சீட்டின் கதையையும் அவளே எழுந்து சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார். புதுக் குப்பியை மேசைமேல் வைத்ததும் சிரிப்பு நின்றது. முழுக் கணக்கெடுப்பு முடியும்வரை ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று விசாரித்த அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டார்.

போட்டு முடித்ததும் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை.

“இத்தனூண்டா! அங்க இன்னும் எத்தனை பாத்தீங்கம்மா?”

“வேற பாக்கல மேடம்” என்றாள் அக்கா. “இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

அதிகாரியம்மா குப்பியைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார்.