அக்கா பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எனக்குத் தெரிந்த வேலை தையல் ஒன்றுதான். ஜெலுத்தோங் ஃபிளாட்டில், பதினோராவது மாடியில், அக்காவோடு இருந்த ஆறு வருஷமும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைத்தேன். துணியை இடது கையால்தான் வெட்டுவேன். அம்மா அடித்து அடித்துச் சாப்பாட்டுக் கையை மட்டும்தான் மாற்ற முடிந்தது, மற்ற வேலைக்கெல்லாம் எனக்கு இன்றும் இடது கைதான். தைத்ததைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுவேன், ஆர்டர் வரும், பொட்டலம் கட்டி அனுப்புவேன். இப்போது அதே வியாபாரத்தை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிறேன். அக்கா பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. வாங்கிய கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அண்ணன் மேல் பாதி, என் மேல் மீதி. அக்கா மேலும் கொஞ்சம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அக்கா பாயான் லெப்பாஸில் ஹார்ட் டிஸ்க் செய்யும் ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு பொடுகு உதிர்ந்தால் ஒரு டிஸ்க் வீணாகிவிடும் என்பாள். எத்தனை ஆயிரம் கம்ப்யூட்டருக்கு உள்ளே அவள் கைபட்ட டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கிறதோ தெரியாது, எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. "நாள் முழுக்க அதோடதான் குடும்பம் நடத்துறேன், வீட்லயும் வேணுமா?" என்று சிரிப்பாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, முறித்துக்கொண்டு, இரண்டு பையோடு அவள் வாசலில் போய் நின்றேன். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே ஜன்னல் ஓரத்தில் இருந்த அவள் கட்டிலை உள்ளே தள்ளிவிட்டு அந்த இடத்தில் என் தையல் மெஷினைப் போட்டாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது பட்டர்வொர்த்திலிருந்து அண்ணன் வந்திருந்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஈரல்வரை போய்விட்டது, இனி மாதக் கணக்குதான். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லாத லா. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவா."

எங்கள் குடும்ப வழக்கமே அதுதான். அப்பாவுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"சின்னக் கட்டிதானாம்க்கா. மருந்துலயே கரைஞ்சுருமாம். ஆறு மாசம் ரெஸ்ட் எடுக்கணும், அவ்ளோதான்."

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா? சரி," என்றாள்.

ஒரு பொய் சொல்லிவிட்டால் அதற்குத் துணைக்கு இன்னும் நாலு தேவைப்படுகிறது. கம்ப்யூட்டர் யோசனை அப்படி வந்ததுதான். ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டாம், வரும் தீபாவளிக்கு வியாபாரத்தைப் பெரிதாகச் செய்வோம், நீ உட்கார்ந்த இடத்தில் ஆர்டர் பார், நான் தைக்கிறேன் என்றேன். தீபாவளியைக் காட்டி அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவளோ அன்று சாயங்காலமே நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். என்ன திரை, என்ன பிரிண்டர், எவ்வளவு இடம் வேண்டும் என்று மேசையை என் அளவு நாடாவால் அளந்தாள். ஆசையைப் பார் என்று நினைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். மூன்று மணி நேரம் ஆளைக் காணோம், போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பி வந்தவளை வாசலிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க போய்த் தொலைஞ்ச? மயங்கி கியங்கி விழுந்தா நான் எங்க போய்த் தேடுறது? அறிவு இருக்கா ஒனக்கு?"

"கோயில்ல கூட்டம் லா," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயிலில் என்ன கூட்டம்? நெற்றியில் திருநீறுகூட இல்லை. அதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறேன். அன்றைக்குத் திட்டித் தீர்த்துவிட்டுக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன், அவள் வாங்கிக் குடித்தாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஐம்பது வயதுச் சீனர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். மலாயில்தான் பேச்சு. அக்கா அவரை "பாஸ்" என்று கூப்பிட்டாள், எங்கள் ஊரில் கடைக்காரர் எல்லோருமே பாஸ்தான்.

நான் நேராக லேப்டாப் பக்கம் போனேன். லேப்டாப் என்றால் படுத்துக்கொண்டே வயிற்று மேல் வைத்துப் பார்க்கலாம். இன்னும் கொஞ்ச நாளில் அவளால் உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படிச் சொல்வது?

"லேப்டாப் வேணாம்," என்றாள் அக்கா. "அதுல ஒன்னு கெட்டா எல்லாம் கெட்ட மாதிரி. மேசைல வைக்கிறதுன்னா எது போச்சோ அத மட்டும் கழட்டி மாத்திக்கலாம்."

"கழட்டி மாத்துறது யாரு? நானா?"

"நீதான். கத்துக்க மாட்டியா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒனக்குத்தானேக்கா வாங்குறோம்! எனக்கு இதுல என்னா தெரியும்? சொன்னாக் கேக்கவே மாட்டியா நீ?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கடைக்காரர் மட்டும் என்னைப் பார்க்காமல் ஏதோ கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டது எதுவும் எனக்கு விளங்கவில்லை. சுற்றுகிற டிஸ்க் வேண்டாம் என்றாள், இருபத்தாறு வருஷம் அதைச் செய்தவள். நம் வீட்டில் தையல் பஞ்சு பறக்கிறது, அதனால் பெட்டியின் முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற மாதிரி வலை வேண்டும் என்றாள். கைப்பையிலிருந்து அரக்குப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதைப் படம் பிடித்து ஒவ்வொரு திரையிலும் போடச் சொல்லி, துண்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நிறம் மாறித் தெரிந்தால் வாங்கினவர்கள் திருப்பி அனுப்புவார்கள், நீ சண்டைக்குப் போவாய் என்றாள். முகவரிச் சீட்டு அடிக்க மை தேவைப்படாத பிரிண்டர் கேட்டாள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் கேட்டு முடிப்பதற்குள் எடுத்து வைத்தார். கெட்டிக்கார வியாபாரி என்று நினைத்தேன்.

நாற்காலி எடுக்கும்போது என்னை உட்காரச் சொன்னாள். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். என் கால் தரையில் படும்வரை நாற்காலியை இறக்கச் சொல்லி, "இது போதும்" என்றாள். அவளால் குனிந்து உட்கார முடியவில்லை, அதனால்தான் என்னை உட்கார வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மவுஸ்தான் கடைசி. நாலைந்தை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் இடது கையால் பிடித்துப் பார்த்தாள். வலது புறங்கையில் ட்ரிப் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலது கை அதற்குள் விழுந்துவிட்டதா என்று அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தேன். இரண்டு கைக்கும் பொருந்துகிற, உருண்டையான ஒரு மவுஸை எடுத்துக்கொண்டாள்.

"வாரண்டி எத்தன வருஷம் பாஸ்? நீளமா எது இருக்கோ அத போடுங்க. தங்கச்சி பேர்ல எழுதுங்க," என்று மலாயில் சொன்னாள்.

அவள் வருஷக் கணக்குப் பேசியதைக் கேட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கீபோர்டுகள் தொங்கிய சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் பேர் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வாடிக்கையாளர்களிடம் இருப்பது என் நம்பர்தானே, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமான்கள் வீட்டுக்கு வந்தன. அக்கா பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், வலைக்குள் போய்விடாமல் ஓரமாக. பிறகு என்னை வந்து உட்காரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் அவள் போய்விடுவாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். "அது ஒன் நாற்காலி. நீ ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்து உக்காரு," என்றேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். நான் மெஷினை வேகமாக ஓட்டி அவள் குரலே கேட்காத மாதிரி செய்தேன். கடைசியில் அவளே அந்தக் குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து என்னவெல்லாமோ செய்துகொண்டிருந்தாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசிவரை நான் சொன்னது ஒன்றுதான், "சரியாயிரும்க்கா." அவளும் ஒவ்வொரு தடவையும் "ஆமா, சரியாயிரும்" என்றாள். கடைசி நாளில் அதுகூட இல்லை. தையல் மெஷினில் பஞ்சு சேர்ந்திருக்கும், தட்டிவிட்டாயா என்று கேட்டாள். தட்டிவிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அனுப்பாத ஆர்டர்கள் கிடந்தன, வேறு வழியில்லை. கால் தரையில் சரியாகப் பட்டது. திரை என் கண்ணுக்கு நேராக இருந்தது. மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. தொட்டதும் இடது கையில் பொருந்தியது. என் ஆள்காட்டி விரல் எங்கே படுகிறதோ அங்கே அமுக்கினால் வேலை செய்தது. வலது கைக்காரர்களுக்கு இருக்கிற முறையை அவள் மாற்றி வைத்திருந்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஃபாக்டரியில் ஒட்டுகிற மாதிரி சின்னச் சீட்டு, தமிழில், அவள் கையெழுத்தில். 'இது திரைக்கு.' 'இது பிரிண்டருக்கு.' ஒன்றில் மட்டும், 'கோபத்தில் இதைப் பிடுங்காதே' என்று எழுதியிருந்தது.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். "நீங்க அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். சாமி மேல் சத்தியம் செய்தார், பிறகு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்குச் சமாதானம் சொல்லும் நிலையில் நான் இல்லை, போனை வைத்துவிட்டேன். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று சொல்ல ஆள் இல்லை என்று நினைத்தேன்.

தீபாவளி ஆர்டர்களை அனுப்பியதில் முகவரிச் சீட்டுச் சுருள் தீர்ந்துபோனது. வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் தனியாக வந்திருப்பதைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. நான் கேட்ட சுருளை எடுத்து வைத்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் வந்தீங்களே, அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை உங்க அக்கா தனியா வந்தாங்க. எல்லாத்தையும் அன்னைக்கே பார்த்து எடுத்து வச்சுட்டாங்க. தங்கச்சி குள்ளம், இடது கை, இதப்பத்தி ஒன்னும் தெரியாது, நான் இல்லாம அஞ்சு வருஷமாவது ஓடணும்னு சொன்னாங்க. சனிக்கிழமை தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வருவேன், முதல் தடவை பார்க்கிற மாதிரி இருங்க பாஸ்னு கேட்டுக்கிட்டாங்க. என் நோய் முத்தினது எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியாதுன்னாங்க."

அண்ணன் வராந்தாவில் அக்காவைப் பற்றிச் சொன்னதைத்தான், அக்கா என்னைப் பற்றி இந்தக் கடையில் சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நான் அவளை ஏமாற்ற அவள் ஏமாந்த மாதிரி நடித்திருக்கிறாள். போய் வருகிறேன் என்று அவள் சொல்லவும், போகாதே என்று நான் அழவும் எங்களுக்கு நாலு மாதம் இருந்தது. அதைக் கம்ப்யூட்டர் வாங்கியே கழித்துவிட்டோம்.

"அன்னைக்கு அக்கா எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டினார். அதில்தான் உட்கார்ந்திருந்தாளாம். எல்லாம் எடுத்து முடித்த பிறகு, மவுஸைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் அழுதாளாம். அவர் தண்ணீர் கொடுத்தாராம்.

அம்மா செத்தபோதும் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதுவிட்டுப் பஸ் ஏறி, லிஃப்டில் பதினோராவது மாடிக்கு வந்தவளைத்தான் நான் வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினேன்.