கண்மாய்க்கரை மண்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலை மண் வறுக்கிற வேலை. என் ஊரான பாலவனத்தத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். கடலை போடாமல் வெறும் மண்ணை வறுக்கிற ஒரே ஆள் நான்தானாம். அருப்புக்கோட்டைச் சீமைக்கு அப்போது ரயில் கிடையாது, விருதுபட்டி எஞ்சின் ஷெட்டில்தான் எனக்கும் அண்ணனுக்கும் வேலை.

தண்டவாளமும் இரும்பு, சக்கரமும் இரும்பு. மார்கழிப் பனியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது. டிரைவர் ஒரு பிடியை இழுத்தால் எஞ்சினில் உள்ள பெட்டியிலிருந்து குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும். சக்கரம் கடித்துக்கொண்டு ஏறிவிடும். அந்த மணல் பொடியாக, ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அதைச் சலித்து, பெரிய அடுப்பில் காயவைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஷெட்டில் வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். மணல் தொட்டி காலியாக இருந்தால் ஃபோர்மேன் மண்வெட்டிக் காம்பை எடுத்துவிடுவார். என் முதுகில் அது பலமுறை விழுந்திருக்கிறது. வாங்கியதை நான் எனக்குக் கீழே உள்ள கூலிகளிடம் இறக்கி வைத்திருக்கிறேன். அதற்காக அப்போது வெட்கப்பட்டதில்லை.

அண்ணன் கூட்ஸ் வண்டியில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். அவன் ஏறுகிற எஞ்சினின் டிரைவர், உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து ரயில் ஓட்ட ஈரானுக்குப் போய்த் திரும்பியவர்.

"அங்க தண்டவாளத்து மேல ஐஸு கண்ணாடி கணக்கா ஒட்டிக் கெடக்கும்டா. கொதிதண்ணியப் பீச்சி, பின்னாடியே மண்ணப் போட்டு ஏத்துவோம். இந்தப் பனியெல்லாம் ஒரு பனியா?" என்பார்.

அவரும் அண்ணனும் சேர்ந்து சக்கரத்துக்கு முன்னால் வெந்நீர் பீச்ச ஒரு குழாயை எஞ்சினில் மாட்டினார்கள். வெந்நீர் பிசுக்கைக் கழுவ, மணல் பிடித்துக்கொள்ள, மற்ற வண்டிகள் திணறிய ஏற்றத்தில் அவர்கள் வண்டி நிற்காமல் போனது. தை பிறந்ததும் அண்ணனை டிரைவர் வேலைக்குச் சோதித்துப் பார்ப்பதாகப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் எஞ்சினை ஓட்டப்போகிற முதல் ஆள் அவன். அவனைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை.

மணல் திருச்சுழிக் குண்டாற்றிலிருந்து வரும். காண்டிராக்டர் அந்தப் பக்கத்து ஆள். மாட்டுவண்டியில் கொண்டுவருபவர் பரளச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. ஆற்றுப் படுகையில் ஊற்றுத் தோண்டித்தான் ஊர்கள் தண்ணீர் குடித்தன. ஊற்றைச் சுற்றி மணலை அள்ளினால் ஊற்று செத்துவிடும். அள்ள வந்த வண்டிகளை ஊர்க்காரர்கள் மறித்து அடித்தார்கள்.

மார்கழி பாதியில் அண்ணாச்சி தலையில் துணிக்கட்டோடு வந்தார். கட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"தம்பி, ஆத்துல எறங்க விட மாட்டேங்குறாக. நொகத்தடிய ஒடைச்சு, என் மண்டையையும் ஒடைச்சுட்டாக. இது கம்மாய்க்கரை மண்ணு. பாத்துக்க. வேண்டாம்னா திருப்பிக் கொண்டுபோயிருதேன்."

மண்ணைக் கையில் எடுத்தேன். மணலோடு கரிசல் கலந்திருந்தது. கரிசல் எவ்வளவு காய்ந்தாலும் ஈரத்தின் வாடை பட்டால் பசையாகிவிடும். கரிசக்காட்டில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தொட்டி காலி. ஃபோர்மேன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"எறக்குங்க அண்ணாச்சி. என் அடுப்புல போட்டா எந்த மண்ணும் மணலாயிரும்" என்றேன்.

இரண்டு மடங்கு நேரம் வறுத்தேன். சூட்டில் பொலபொலவென்றுதான் உதிர்ந்தது. அதிகாலை வண்டிக்கு அண்ணனே வந்து பெட்டியை நிரப்பிக்கொண்டு போனான்.

நடந்ததை டிரைவர்தான் வந்து சொன்னார். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பிடியை இழுத்தால் மணல் வரவில்லை. பனியும் வெந்நீரின் ஆவியும் ஏறிக் குழாய்க்குள் மண் சாந்தாக இறுகியிருந்தது. அண்ணன் வாளியோடு இறங்கி, பெட்டிக்குள் கிடந்த மண்ணை அள்ளித் தண்டவாளத்தில் போட்டிருக்கிறான். நல்ல மணலாக இருந்தால் நின்றபடியே தூவிவிடலாம். இது கட்டி கட்டியாக விழுந்தது. குனிந்து, ஒரு கட்டியை உள்ளங்கையால் தண்டவாளத்தின் மேல் வைத்து நசுக்கினான். அந்த நேரம் பார்த்து, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்களில், ஏற்கெனவே மண் போட்டிருந்த அடுத்த பக்கத்துச் சக்கரம் கடித்துக்கொண்டது. எஞ்சின் ஒரு முழம் நகர்ந்தது. அவ்வளவுதான். மதுரை ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பரளச்சிக்குப் போனேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் சொருகியிருந்த, மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை உருவி அவர் தோளில் அடித்தேன். அவர் விழுந்தார். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, கையால் தலையை மட்டும் மறைத்துக்கொண்டார்.

"ஒங்கிட்டச் சொல்லித்தான தம்பி எறக்குனேன்?"

அவர் மனைவி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் அடி அண்ணன் கைக்காக. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் அந்த வாயை மூடுவதற்காக. தலைக்கட்டு அவிழ்ந்து பழைய காயம் திறந்துகொண்டது. அப்போதும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்து மிதித்தார்கள். இரண்டு பல் போனது. அண்ணாச்சிதான் "விடுங்கப்பா, போகட்டும்" என்றார். அவர் திருப்பி அடித்திருந்தால் அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அவன் முகத்தில் விழித்தேன். மதினி அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட அவன் சம்மதிக்கவில்லை. அந்தக் கையால் சோற்றைத் தொடுவதற்குப் பட்டினி கிடக்கலாம் என்றானாம்.

"எதுக்குலே அந்த வண்டிக்காரரப் போய் அடிச்ச?" என்றான். "பாவம், ஒடஞ்ச மண்டையோட கொண்டுவந்து போட்டாருன்னு டிரைவர் சொல்றாக."

பொய் நாக்கு வரை வந்தது. மதினி முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"அவர் சொன்னாரு அண்ணே. கம்மாய்க்கரை மண்ணுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. கரிசல்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வறுத்தேன்."

மதினி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அண்ணன் இடது கையால் என்னை அறைந்தான். பழக்கமில்லாத கை, காதில் பட்டுக் கழுத்தில் வழுக்கியது. மறுபடியும் அடித்தான். நான் நகரவில்லை. கை ஓய்ந்த பிறகு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது.

"பசிக்குது," என்றான். "இனிமே நீ ஊட்டு."

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி அவன் வாயில் வைத்தேன். கவளத்தோடு என் இரண்டு விரலையும் சேர்த்துக் கடித்தான். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடித்தான். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அவனாக விட்டதும் அடுத்த கவளத்தை உருட்டினேன்.